கீழே இறங்காத மூச்சு: இரைப்பை அறுவைக்குப் பின் உதரவிதானம் ஒதுங்கி நின்ற ஒரு நிகழ்வு

இரைப்பையின் கீழ்ப்பகுதியில் வந்த புற்றுநோய்க்காக மேல்வயிற்றைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட 63 வயது ஆண் ஒருவருக்கு, இரண்டாம் நாள் காலையில் கடுமையான மூச்சுத்திணறல் ஏற்பட்டது. அதற்கு முந்தைய நாள் முழுவதும் அவருடைய படுக்கைக் குறிப்பேட்டில் வலி குறைவு, ஆக்சிஜன் செறிவு போதுமானது, மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 18 என்றே பதிவாகியிருந்தது. இவற்றில் முதல் இரண்டும் உண்மை, மூன்றாவது உண்மையல்ல. ஆனால் எங்களை அதிகம் ஏமாற்றியவை உண்மையாக இருந்த அந்த இரண்டு பதிவுகள்தாம் என்பதால் இந்த நிகழ்வை விரிவாக எழுதுகிறேன். அந்த அறுவைக்கு மயக்க மருந்து கொடுத்தவள் நான். நோயாளியை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களைத் தவிர்த்தும் மாற்றியும் இருக்கிறேன்.

அறுவைக்கு முன்

உயரம் 165 செ.மீ., எடை 58 கிலோ. இருபது ஆண்டுகள் நாளொன்றுக்குப் பத்துப் பீடி வரை புகைத்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் விட்டவர். சர்க்கரை நோயோ இதய நோயோ இல்லை. மூன்று மாதங்களில் ஆறு கிலோ எடை குறைந்திருந்தது. ஹீமோகுளோபின் 10.8 கிராம், சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் செறிவு 97 சதவீதம். மூச்சை முழுவதும் இழுத்து முழுவதும் ஊதச் சொன்னபோது வெளிவந்த காற்றின் அளவு 2.9 லிட்டர். மேல்வயிற்று அறுவைக்கு வருபவர்களுக்கு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தின் அசைவை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அளந்து வைத்துக்கொள்வது எங்கள் பிரிவில் வழக்கமாகியிருந்ததால், இவருக்கும் வலப்பக்கம் அளந்தோம். சாதாரண மூச்சில் 1.7 செ.மீ., ஆழ்ந்த மூச்சில் 5.8 செ.மீ. இறங்கியது. இரண்டுமே அந்த வயதுக்கு இயல்பான அளவுகள்.

அறுவைக்குப் பின் நுரையீரல் சிக்கல் வருமா என்பதை முன்கூட்டி மதிப்பிட, ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியில் உருவாக்கப்பட்டு 2010-இல் வெளியான அரிஸ்கேட் மதிப்பெண் முறையைப் பயன்படுத்துகிறோம். வயதுக்கு 3, மேல்வயிற்று வெட்டுக்கு 15, இரண்டு முதல் மூன்று மணி நேரம் நீளும் அறுவைக்கு 16 என இவருக்கு 34 வந்தது. 26 முதல் 44 வரை நடுத்தர ஆபத்து. அறுவை 3 மணி 20 நிமிடம் நீண்டதால் பின்னர் அது 41 ஆனது, அப்போதும் நடுத்தரம்தான். இந்த மதிப்பெண் முறையைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால் 'நடுத்தரம்' என்ற சொல், யாரும் எதையும் கூடுதலாகச் செய்யாமலிருக்க வசதியான சொல் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

முதுகில் தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்து மரப்பு மருந்து செலுத்தும் எபிடூரல் முறையைப் பரிந்துரைத்தேன். அவரும் அவர் மனைவியும் மறுத்துவிட்டார்கள். முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுக்க முதுகுவலி வரும் என்ற பரவலான அச்சமே காரணம். ஞாயிறு மாலை சேர்க்கப்பட்டு திங்கள் காலை அறுவை என்றிருந்த நிலையில், அந்த அச்சத்தைப் பேசித் தீர்க்க எனக்குப் போதிய நேரம் கிடைக்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் அவரைச் சந்திக்கவே இல்லை. ஆகவே முழு மயக்கத்துடன், விலா எலும்புகளின் கீழ் விளிம்பையொட்டி வயிற்றுச் சுவரின் நரம்புகளை இருபுறமும் மரத்துப்போகச் செய்து, அறுவைக்குப் பின் மார்ஃபினை நோயாளியே பொத்தானை அழுத்திப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தேன்.

அறுவை சிக்கலின்றி முடிந்தது. தசை தளர்த்தும் மருந்தின் விளைவு நீங்கியதைக் மணிக்கட்டில் நரம்பை நான்கு முறை தூண்டி, கட்டைவிரலின் துடிப்பைக் கருவியால் அளந்தோம். முதல் துடிப்போடு ஒப்பிட்டால் நான்காவது துடிப்பின் விகிதம் 0.92, குறைந்தது 0.9 இருக்க வேண்டும் என்பது விதி. அதன் பிறகே மூச்சுக்குழாயிலிருந்து குழாயை எடுத்தேன். பின்னால் எழுந்த ஒரு சந்தேகத்துக்கு இந்த எண் விடையாக இருந்தது.

முதல் நாள்

காலை உலாவின்போது அவர் தலைப்பக்கம் முப்பது பாகை உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருந்தார். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜனில் செறிவு 95 சதவீதம். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டதற்கு, அசையாதிருந்தால் இரண்டு, இருமினால் நான்கு என்றார். மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியை வாயில் வைத்து இழுத்து இரண்டு பந்துகளை மேலே ஏற்றிக் காட்டினார். பெரும்பாலான நோயாளிகள் முதலில் அதில் ஊதித்தான் பார்ப்பார்கள். இவர் சரியாக இழுத்தார் என்பதே எல்லோருக்கும் மகிழ்ச்சியாக இருந்தது.

நான் போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை. மாலையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பார்த்தார். மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பின் மேல்பகுதியும் கழுத்துத் தசைகளும் எழுகின்றன, வயிறு எழவில்லை, சில மூச்சுகளில் உள்வாங்குகிறது, வெளிவிடும் மூச்சின் முடிவில் வயிறு பலகைபோல் இறுகுகிறது என்று எழுதி வைத்தார். கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணியதில் மூச்சு 26 என்றும் குறித்திருந்தார். அதற்கு மேலும் கீழும் உள்ள கட்டங்களில் 18 என்று இருந்தது. எண்ணுவதற்கு ஒரு நிமிடம் ஆகும், 18 என்று எழுத ஒரு நொடி போதும்.

இரவு மூன்று மணிக்கு உறக்கத்தில் ஆக்சிஜன் செறிவு 86-க்கு இறங்கியது. செவிலியர் ஆக்சிஜனை 4 லிட்டராக உயர்த்தினார், செறிவு 94-க்கு ஏறியது, குறிப்பேட்டில் எல்லாம் சரியாகிவிட்டது. நுரையீரலின் அடிப்பகுதிகள் காற்றின்றி ஒடுங்கிக்கொண்டிருக்கும்போது ஆக்சிஜனைக் கூட்டினால் எண் மட்டுமே திருந்தும், ஒடுக்கம் தொடரும்.

இரண்டாம் நாள்

காலை ஏழு மணிக்கு மூச்சு எண்ணிக்கை 32, நாடித்துடிப்பு 116, வெப்பநிலை 38.1 பாகை செல்சியஸ். சாதாரணக் காற்றில் எடுத்த தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 54 மி.மீ. பாதரசம், கரியமில வாயு 33, அமில காரச் சமன் 7.46. மார்பு எக்ஸ்ரேயில் வலப்பக்க உதரவிதானம் உயர்ந்தும், இரு நுரையீரல்களின் அடியிலும் தட்டையான நிழல்கள் படிந்தும் இருந்தன. ஊதித் தள்ளிய காற்று 1.1 லிட்டர், அதாவது அறுவைக்கு முந்தைய அளவில் 38 சதவீதம். ஸ்கேனில் வலப்பக்க உதரவிதானம் சாதாரண மூச்சில் 0.6 செ.மீ., ஆழ்ந்த மூச்சில் 1.9 செ.மீ. மட்டுமே இறங்கியது. இடப்பக்கம் வாயு மறைத்ததால் தெளிவாகத் தெரியவில்லை.

அப்போது நான் கேட்டதையும் அவர் சொன்னதையும் அப்படியே தருகிறேன்.

"ஐயா, வலி எப்படி இருக்கு?"

"வலி பெருசா இல்லைங்கம்மா. மூச்சுதான் நெஞ்சோட நின்னுடுது. கீழே இறங்க மாட்டேங்குது."

ஸ்கேன் சொன்னதற்கும் இதற்கும் இடையே வேறுபாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வேறு காரணங்கள்

இந்த நிலையில் உதரவிதானத்தைப் பற்றி முதலில் யோசிப்பது ஆபத்தானது. இரைப்பையையும் குடலையும் இணைத்த தையல் கசிந்து உதரவிதானத்தின் கீழே சீழ் கட்டினாலும் இதே காட்சிதான் வரும். நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்தாலும், நிமோனியா தொடங்கினாலும், இதயம் தளர்ந்தாலும் ஏறக்குறைய இப்படியே இருக்கும். ஆகவே வாய்வழி நிறமருந்து கொடுத்து வயிற்றுக்கும், நாளவழி கொடுத்து மார்புக்கும் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. கசிவு இல்லை, சீழ் இல்லை, தமனிகளில் கட்டி இல்லை. இரு நுரையீரல்களின் அடிமடல்களும் ஒடுங்கியிருந்தன, வலப்பக்கம் சிறிது நீர் கோத்திருந்தது. இதய எக்கோ இயல்பு.

எஞ்சிய தசைத் தளர்வு மருந்து என்ற சந்தேகத்தை அறுவை அறையில் அளந்த 0.92 என்ற எண்ணும், கழிந்துவிட்ட நாற்பது மணி நேரமும் நீக்கின. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு அறுவையில் அறுபட்டிருக்குமோ என்று ஒருவர் கேட்டார். அந்த நரம்பு கழுத்தில் தண்டுவடத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் கூறுகளிலிருந்து புறப்பட்டு மார்பு வழியாக இறங்கி உதரவிதானத்தை அடைகிறது. இரைப்பையின் கீழ்ப்பாதியில் நடந்த அறுவையில் அதற்குக் கேடு வர வழியில்லை. வேகமாக மூக்கை உறிஞ்சச் சொன்னபோது உதரவிதானம் சிறிதளவே எனினும் கீழ்நோக்கியே நகர்ந்தது. செயலிழந்த உதரவிதானமாக இருந்தால் மேல்நோக்கி உறிஞ்சப்பட்டிருக்கும்.

இரத்தத்தில் பாஸ்பேட் 1.8 மி.கி., பொட்டாசியம் 3.1 என்று குறைந்திருந்தன. எடை இழந்தவர்களிடம் இது எதிர்பார்க்கத்தக்கதே. பாஸ்பேட் குறைந்தால் உதரவிதானத்தின் சுருங்கும் வலிமை குறையும் என்பது உறுதியாக நிறுவப்பட்ட செய்தி. இரண்டையும் நாளவழி ஈடுசெய்தோம். ஆனால் இந்த அளவுக் குறைவு மட்டுமே மூச்சளவை மூன்றில் ஒரு பங்கு அருகே இறக்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

களைப்பா, தடையா?

அறுவை மருத்துவரான சக ஊழியர், தசை களைத்துவிட்டது, செயற்கைச் சுவாசக் கருவியில் இணைத்து இரண்டு நாள் ஓய்வு கொடுக்கலாம் என்றார். அன்று காலை எங்களுக்குள் நடந்த விவாதத்தின் சாரம் இதுதான்: உதரவிதானத்தால் வேலை செய்ய முடியவில்லையா, அல்லது அது வேலை செய்யவிடாமல் தடுக்கப்படுகிறதா? இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்று, சிகிச்சை வேறு.

இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. லண்டன் மருத்துவர் வில்லியம் பாஸ்டர், டிப்தீரியாவால் உதரவிதானம் செயலிழந்த நோயாளிகளிடம் நுரையீரலின் அடிமடல்கள் ஒடுங்குவதைக் கவனித்தவர். 1908-இல் அதுபற்றி உரையாற்றிய அவர், 1910-இல் வயிற்று அறுவைக்குப் பின்னும் அதே ஒடுக்கம் வருவதை எழுதினார். சளி அடைப்பதே காரணம் என்று பலரும் நினைத்த காலத்தில், மூச்சை இழுக்கும் ஆற்றல் குறைவதைக் காரணமாகக் காட்டியவர் அவர். 1933-இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், வயிற்று அறுவைக்குப் பின் நுரையீரலின் கொள்ளளவுகள் சுருங்குவதை அளந்து பதிவு செய்தார். மேல்வயிற்றைத் திறந்தால் முழு மூச்சளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்து, மீள ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும், கீழ்வயிற்று அறுவையில் இழப்பு அதைவிடக் குறைவு என்ற பாடம் பின்னர் நிலைபெற்றது. வெட்டின் நீளத்தைவிட அது உதரவிதானத்துக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதே முக்கியம்.

உதரவிதானத்தையே நேரடியாக அளக்கும் முயற்சி 1983-இல் கனடாவின் கால்கரியில் ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் பித்தப்பை அறுவை நோயாளிகளிடம் செய்த ஆய்வில் தெளிவான வடிவம் பெற்றது. உணவுக்குழாயில் ஒன்று, இரைப்பையில் ஒன்று எனச் சிறு பலூன்களை வைத்து இரு இடத்து அழுத்தங்களையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வது முறை. இயல்பாக மூச்சு இழுக்கையில் உதரவிதானம் இறங்கி வயிற்று உறுப்புகளை அழுத்துவதால் இரைப்பையில் அழுத்தம் ஏறும், வயிறு முன்தள்ளும். அறுவைக்குப் பின் அந்த ஏற்றம் வெகுவாகக் குறைந்தது. வயிற்றால் விடும் மூச்சு மார்பால் விடும் மூச்சாக மாறியது.

வலிக்குப் பயந்து நோயாளி வயிற்றை அசைக்காமல் வைத்திருக்கிறார் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் விளக்கம். அதே 1983-இல் பிரான்சில் சிமோனோ குழுவினர் அதைச் சோதித்தார்கள். எபிடூரல் வழியாக ஃபென்டனில் என்ற ஓபியம் வகை மருந்தைக் கொடுத்து வலியைப் போக்கினார்கள். வலி போயிற்று, உதரவிதானம் திரும்பவில்லை. 1986-இல் துரோய் குழுவினர் மற்றொரு பாதியை முடித்தார்கள். கழுத்தில் நரம்பை மின்னால் தூண்டி, உதரவிதானம் எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்று அளந்ததில், அறுவைக்கு முன்னும் பின்னும் பெரிய வேறுபாடு இல்லை. தசைக்குக் கேடில்லை, நரம்புக்குக் கேடில்லை, ஆணைதான் குறைந்து வருகிறது. நாய்களில் பித்தப்பையைத் தூண்டியதும் உதரவிதானத்தின் இயக்கம் தணிந்ததை வைத்துப் பார்க்கும்போது, கையாளப்பட்ட உள்ளுறுப்புகளிலிருந்து மேலே செல்லும் நரம்புச் செய்திகள் மூச்சு மையத்தின் வழியாக உதரவிதானத்தை அடக்குகின்றன என்ற விளக்கமே மிகவும் பொருந்துகிறது. 1988-இல் மன்கிகியான் குழுவினர் மார்பு மட்டத்து எபிடூரலில் பூபிவகெயின் என்ற மரப்பு மருந்தைச் செலுத்தியபோது உதரவிதானத்தின் செயல் மேம்பட்டது. ஓபியம் வகை மருந்து வலியைத் தணிக்கிறது, மேலே செல்லும் செய்திகளை முழுவதும் நிறுத்துவதில்லை. மரப்பு மருந்து செய்திகளையே வழியில் மறிக்கிறது.

எங்கள் நோயாளிக்கு நான் கொடுத்திருந்தது என்ன என்பதை இந்தப் பின்னணியில் பார்த்தால் நிலைமை விளங்கும். வயிற்றுச் சுவரின் நரம்புகளை மரத்துப்போகச் செய்திருந்தேன், மார்ஃபின் கொடுத்திருந்தேன். வெட்டின் வலி அடங்கிவிட்டது. இரைப்பையும் குடலும் அனுப்பிய செய்திகள் அப்படியே சென்றுகொண்டிருந்தன. வலி இரண்டு என்று அவர் சொன்னது உண்மை, வயிறு அசையாததும் உண்மை, இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

இந்த விளக்கத்துக்கு ஒரு வலுவான மறுப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அறுவைக்குப் பின் நோயாளிகள் மூச்சை வெளிவிடும்போது வயிற்றுத் தசைகளை இறுக்குகிறார்கள் என்று டகனும் டிரம்மண்டும் 1987-இல் காட்டினார்கள். மார்ஃபின் வகை மருந்துகள் அந்த இறுக்கத்தைக் கூட்டும். வெளிமூச்சின் முடிவில் இறுகிய வயிறு, உள்மூச்சு தொடங்கும்போது தளர்ந்தால், இரைப்பையின் அழுத்தம் இறங்கத்தான் செய்யும். உதரவிதானம் நன்றாக உழைத்தாலும் பலூன் அளவீடு அது உழைக்கவில்லை என்றே காட்டும். பயிற்சி மருத்துவர் 'பலகைபோல்' என்று எழுதியது இந்த இறுக்கத்தைத்தான். ஸ்கேன் நேரடியாகவே அசைவைக் காட்டுகிறது என்பதால் இந்தக் குழப்பம் ஓரளவு குறையும், ஒழிந்துவிடாது. எங்கள் நோயாளியிடம் இரண்டும் சேர்ந்தே இருந்தன என்றே நினைக்கிறேன், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அளவு இல்லை.

இரவு மூன்று மணிச் சரிவுக்கும் இதில் விளக்கம் இருக்கிறது. கனவு காணும் உறக்கத்தில் விலாவிடைத் தசைகளும் கழுத்துத் தசைகளும் தளர்ந்துவிடும், மூச்சின் சுமை ஏறக்குறைய முழுவதும் உதரவிதானத்தின் மேல் விழும். பெரிய அறுவைக்குப் பின் முதல் இரவில் அந்த வகை உறக்கம் மறைந்து, அடுத்த இரவுகளில் அதிகமாகத் திரும்பி வரும். பகலெல்லாம் மார்பால் சமாளித்தவருக்கு, மார்பு கைவிட்ட அந்த நேரத்தில் உதரவிதானமும் துணைக்கு வரவில்லை.

மூன்று பந்துக் கருவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பந்துகள் காற்றின் வேகத்தை அளக்கின்றன, அளவை அல்ல. அதில் எழுதியிருக்கும் 600, 900, 1200 என்ற எண்கள் நொடிக்கு இத்தனை மி.லி. என்ற வேகங்கள். மேல்மார்பை வெடுக்கென்று தூக்கி ஒரு நொடி இழுத்தாலே இரண்டு பந்துகள் எழும், நுரையீரலின் அடிமடலுக்கு ஒரு மிடறு காற்றும் போயிருக்காது. வயிற்று அறுவைக்குப் பின் இக்கருவியால் நுரையீரல் சிக்கல்கள் குறைகின்றன என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை என்று 2014-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு முடிவு செய்தது. இருந்தும் மருந்துச் சீட்டில் தவறாமல் இடம்பெறுகிறது. அதைக் கொடுத்துவிட்டால் பயிற்சி கொடுத்துவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிடுவதுதான் எனக்குள்ள குறை.

என்ன செய்தோம்

நோயாளியிடமும் மனைவியிடமும் மறுபடி பேசினோம், இம்முறை அவசரமில்லாமல். ஸ்கேன் திரையில் உதரவிதானத்தின் அலைக்கோட்டைக் காட்டி, அறுவைக்கு முன் எடுத்த கோட்டை அருகில் வைத்தேன். மனைவி, "முன்னாடியே இதைக் காட்டியிருந்தா சரின்னிருப்போமே" என்றார். நியாயமான பேச்சு.

இரத்தக்கட்டியைத் தடுக்கும் எனாக்ஸபாரின் முந்தைய இரவு எட்டு மணிக்குப் போடப்பட்டிருந்ததால், பன்னிரண்டு மணி நேர இடைவெளி கடந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, பத்து மணிக்கு மார்பு முதுகெலும்பின் ஏழு, எட்டாம் எலும்புகளுக்கிடையே எபிடூரல் குழாய் வைத்தேன். அடுத்த எனாக்ஸபாரின் ஊசியை அன்றிரவு பத்து மணிக்குத் தள்ளினோம். 0.125 சதவீத பூபிவகெயின் மணிக்கு 6 மி.லி. ஓடியது. மார்ஃபினை நிறுத்தினேன்.

நாற்பது நிமிடம் கழித்து, அதே கட்டிலில், அதே சாய்வில், வேறெந்தச் சிகிச்சையும் தொடங்குமுன் மறுபடி அளந்தோம். சாதாரண மூச்சில் 1.1 செ.மீ., ஆழ்ந்த மூச்சில் 3.2 செ.மீ. ஊதிய காற்று 1.5 லிட்டர். மூச்சு எண்ணிக்கை 24. வலி எவ்வளவு என்று கேட்டதற்கு, முன்பு இரண்டு என்றவர் இப்போது ஒன்று என்றார். வலியில் ஏற்பட்ட மாற்றம் அற்பம், அசைவில் ஏற்பட்டது ஏறக்குறைய இரு மடங்கு. களைத்துப்போன தசை நாற்பது நிமிடத்தில் இப்படித் திரும்பாது என்று சக ஊழியரிடம் சொன்னேன். வயிற்றுத் தசைகளின் இறுக்கத்தை எபிடூரல் தளர்த்தியதாலும், மார்ஃபினை நிறுத்தியதாலும் ஒரு பகுதி வந்திருக்கலாம் என்று அவர் பதில் சொன்னார். அதை என்னால் மறுக்க முடியவில்லை. செயற்கைச் சுவாசக் கருவி பற்றிய பேச்சு அத்துடன் நின்றது.

அதன் பிறகு செய்தவை பல, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. கட்டிலிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். நிமிர்ந்து உட்கார்ந்தால் வயிற்று உறுப்புகள் இறங்கி, நுரையீரலில் எஞ்சும் காற்றின் அளவு கூடும். வயிற்றுக்குக் கட்டியிருந்த பெல்ட் கீழ் விலா எலும்புகள் வரை ஏறி மார்பின் அடியை நெரித்துக்கொண்டிருந்ததைப் பிசியோதெரபிஸ்ட்தான் முதலில் பார்த்தார். அதைத் தளர்த்தி இறக்கினார். பின் நோயாளியின் கையையே தொப்புளுக்கு மேலே வைத்து, "பந்தை மறந்துடுங்க ஐயா, உங்க கை மேலே வரணும், அதுதான் கணக்கு" என்று சொல்லிக்கொடுத்தார். தலையணையை வயிற்றோடு அணைத்தபடி இருமச் செய்தார். இருமலுக்கு வேகம் கொடுப்பவை வயிற்றுத் தசைகள். நடுவெட்டால் பிளக்கப்பட்டுத் தைக்கப்பட்ட சுவருக்கு வெளியிலிருந்து ஒரு தாங்கல் தேவைப்படுகிறது.

மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி வழியாகத் தொடர் காற்றழுத்தம் கொடுப்பது குறித்துத் தயக்கம் இருந்தது, ஏனெனில் காற்று புது இணைப்புக்குள் இறங்கிவிடுமோ என்ற அச்சம் அறுவை மருத்துவருக்கு இருந்தது. வயிற்று அறுவைக்குப் பின் ஆக்சிஜன் குறைந்தவர்களுக்கு 7.5 செ.மீ. நீர் அழுத்தம் கொடுத்து இத்தாலியில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தும் தேவை 10 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் எல்லோருக்கும் முன்னெச்சரிக்கையாகக் கொடுப்பதால் பயனில்லை என்று 4,800-க்கு மேற்பட்டோரைச் சேர்த்து 2021-இல் வெளியான பிரிசம் ஆய்வு காட்டியது. எங்களுடையவர் முதல் வகை, ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்தவர். இரைப்பைக் குழாயைத் திறந்து வைத்து, அதே 7.5 அழுத்தத்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முப்பது நிமிடம் கொடுத்தோம். இரவு முழுவதும் தொடர்ந்து கொடுத்தோம்.

மாலையில் இரத்த அழுத்தம் 92/56-க்கு இறங்கியது. எபிடூரலின் அறியப்பட்ட விளைவு அது. வேகத்தை 4 மி.லி.க்குக் குறைத்து, சிறிது திரவமும் கொடுத்ததில் சரியானது. காய்ச்சலுக்கு அறுவைக் குழுவினர் ஐந்து நாள் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தனர். சளிப் பரிசோதனையில் கிருமி வளரவில்லை. தேவையில்லை என்றே கருதினேன், எனினும் அந்த எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு உறுதியாக மறுக்கும் துணிவு எனக்கு இல்லை.

பின்தொடர்வு

நான்காம் நாள் ஆக்சிஜன் இல்லாமல் செறிவு 95. ஐந்தாம் நாள் எபிடூரல் எடுக்கப்பட்டபோது மூச்சளவு 1.8 லிட்டர், எட்டாம் நாள் 2.1. ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். நான்காவது வாரம் மறுபரிசோதனைக்கு வந்தபோது 2.7 லிட்டர், உதரவிதானம் சாதாரண மூச்சில் 1.6 செ.மீ., ஆழ்ந்த மூச்சில் 5.3 செ.மீ. இறங்கியது. இடப்பக்கத்தை அப்போதும் சரியாக அளக்க முடியவில்லை, ஆகவே இந்த ஆய்வு முழுவதும் அரை உதரவிதானத்தைப் பற்றியதுதான்.

ஒரே நோயாளியிடம் கண்டதை வைத்து எபிடூரல் இல்லாத எவருக்கும் இப்படி நேரும் என்று சொல்ல வரவில்லை. வயிற்றுச் சுவர் மரப்போடு நன்றாக மூச்சுவிட்டு ஐந்தாம் நாள் நடந்து வீடு போனவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பித்தப்பையை நுண்துளை வழியாக எடுத்தால்கூட உதரவிதானம் சில மணி நேரமாவது அடங்கியிருக்கும் என்று 1993-இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியாமலே கடந்துபோகிறது. இவருக்குத் தெரியவந்ததன் காரணங்களில் பீடியும், எடை இழப்பும், பாஸ்பேட் குறைவும், ஏறிய பெல்ட்டும், ஞாயிறு மாலைச் சேர்க்கையும் ஒவ்வொரு பங்கு வகித்திருக்கும்.

கடைசியாகச் சொன்னதைத்தான் எங்களால் மாற்ற முடிந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 441 பேரைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மேல்வயிற்று அறுவைக்கு முன் பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒருமுறை முப்பது நிமிடம் உட்கார்ந்து, அறுவைக்குப் பின் மூச்சு எப்படி மாறும், விழித்ததும் எப்படி மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததில், நுரையீரல் சிக்கல்கள் 27 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தன. இப்போது திங்கள் அறுவைக்கு வருபவர்களை வெள்ளிக்கிழமை புறநோயாளிப் பிரிவுக்கு வரச் சொல்லி, அந்த அரை மணி நேரத்தையும் எபிடூரல் பற்றிய பேச்சையும் அங்கேயே முடித்துக்கொள்கிறோம். அறுவைக்குப் பிந்தைய குறிப்பேட்டில் மூச்சு எண்ணிக்கைக்குப் பக்கத்தில் 'வயிறு எழுகிறதா' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அதிலும் பார்க்காமலே 'ஆம்' என்று எழுதிவிடக்கூடும் என்பதால், காலை உலாவில் போர்வையை விலக்கிப் பார்க்கும் வேலையை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.